லோக்கலில் இருக்கும் ஃபைல் லைவில் ஏன் காணாமல் போகிறது

வெப் அப்ளிகேஷன் எழுதுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், லைவுக்கு, அதாவது நம் கணினியிலிருந்து (லோக்கலிலிருந்து) எல்லாரும் பார்க்கும் சர்வருக்குப் போன முதல் நாள் எது உடைந்தது என்று. ஃபைல் பாத், அதாவது ஃபைல் இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரி, என்ற பதில் கட்டாயம் வரும். லோகோ வரவில்லை, அப்லோட் செய்த பிடிஎஃப் திறக்கவில்லை, இன்வாய்ஸ் டெம்ப்ளேட் கிடைக்கவில்லை, லாக் ஃபைலை எழுத முடியவில்லை. இதையெல்லாம் சின்னச் சமாச்சாரம் என்று ஒதுக்கி, சர்வரில் போய் ஒரு வரியை மாற்றிச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த டிப்ளாயில், அதாவது புது நிரலை சர்வரில் ஏற்றும்போது, அதே இடம் மறுபடி உடைகிறது. பாத் உடைகிற ஒவ்வொரு இடமும், நம் நிரல் தான் ஓடுகிற மெஷினைப் பற்றி எதையோ சொல்லாமலே நம்பிக்கொண்டிருந்த இடம். அந்த நம்பிக்கை எது என்று கண்டுபிடிக்காமல் வரியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

நம் அப்ளிகேஷனில் ஒரு ஃபைலுக்கு மூன்று முகவரி உண்டு. டிஸ்கில் அது உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்று. பிரவுசர் கேட்கிற யுஆர்எல் இன்னொன்று. டேட்டாபேஸில் நாம் எழுதி வைக்கிற பெயர் மூன்றாவது. லோக்கலிலேயே சர்வர் ஓட்ட உதவும் ஸாம்ப் போட்டு, அதன் ஹெச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் புராஜெக்டை வைத்து வேலை செய்யும்போது மூன்றும் ஒன்றுபோலவே தெரியும், ஏனென்றால் ஃபோல்டர் பெயரே யுஆர்எல்லில் வருகிறது, அதையே எடுத்து டேட்டாபேஸிலும் போட்டுவிடலாம், எல்லாம் ஓடும். லைவில் அப்லோட் ஃபைல்கள் வேறு டிஸ்கில் இருக்கும், யுஆர்எல் சிடிஎன் (ஃபைல்களைப் பல ஊர்களிலிருந்து பரிமாறும் சர்வர் வலை) வழியாக வரும், டேட்டாபேஸ் இன்னொரு சர்வரில் இருக்கும். அங்கே மூன்றும் பிரியும். பிரியும் என்று தெரிந்து முதல் நாளே மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலான தொல்லை வருவதே இல்லை.

ரிலேட்டிவ் பாத்திலிருந்து தொடங்கலாம். ‘இங்கிருந்து மூன்றாவது வீடு’ என்று ஒருவர் வழி சொன்னால், அவர் எங்கே நின்று சொல்கிறார் என்று தெரிந்தால்தான் வீடு கிடைக்கும். டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் விலைப்பட்டியலைத் திற என்று நிரலில் எழுதினால், எங்கிருந்து பார்த்த டேட்டா ஃபோல்டர்? அந்த வரி இருக்கும் ஃபைலின் பக்கத்திலிருந்து என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில், புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அங்கிருந்து. லோக்கலில் நாம் டெர்மினலைத் திறந்து புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ரன் செய்வதால் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. லைவில் அதே அப்ளிகேஷனை லினக்ஸில் பின்னணி வேலைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸாக ஓட்டினால், வொர்க்கிங் டைரக்டரி என்ற வரியை நாம் எழுதாத வரைக்கும், அது டிஸ்கின் ரூட்டில், அதாவது வெறும் / என்ற இடத்தில் நிற்கும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் அந்த யூசரின் ஹோம் ஃபோல்டரில் நிற்கும். பிஹெச்பியில் இன்னும் விசேஷம்: பிரவுசர் வழியாக வந்தால் கூப்பிடப்பட்ட ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் நிற்கும், அதே ஸ்கிரிப்டைக் கமாண்ட் லைனில் ஓட்டினால் நாம் நிற்கிற ஃபோல்டரில் நிற்கும். பகலில் பிரவுசரில் சோதித்தபோது ஓடிய ரிப்போர்ட், ராத்திரி கிரானில் காலியாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நோட் ஜேஎஸ்ஸில் குழப்பம் இரண்டு மடங்கு. வேறொரு நிரல் ஃபைலைச் சேர்க்க ரிக்வயர் என்று எழுதினால் அந்த ஃபைலின் பக்கத்திலிருந்து தேடும். அடுத்த வரியிலேயே ரீட்ஃபைல் என்று எழுதினால் புராசஸ் நிற்கிற இடத்திலிருந்து தேடும். இரண்டு வரியிலும் ஒரே மாதிரி ஒரு புள்ளியும் ஸ்லாஷும் போட்டுத்தான் எழுதுகிறோம், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இதைத் தவிர்க்க டிர்நேம் வைத்து ஃபைலின் இடத்தை எடுக்கலாம், புதிய மாட்யூல் முறையில் 20.11 பதிப்பிலிருந்து இம்போர்ட் மெட்டாவிலேயே அது கிடைக்கிறது. ஆனால் டைப்ஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் இங்கேயும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அதன் கம்பைலரான டிஎஸ்சி கம்பைல் செய்து டிஸ்ட் ஃபோல்டரில் போடும்போது டைப்ஸ்கிரிப்ட் ஃபைல்களை மட்டும்தான் கவனிக்கும்; பக்கத்தில் இருந்த ஈமெயில் டெம்ப்ளேட்டையோ ஃபான்ட் ஃபைலையோ கூட எடுத்துப் போகாது. லோக்கலில் நேராக சோர்ஸ் ஃபோல்டரிலிருந்து ஓட்டுவதால் டெம்ப்ளேட் கிடைக்கும். லைவில் டிஸ்ட்டிலிருந்து ஓடும்போது டிர்நேம் டிஸ்ட்டைக் காட்டும், அங்கே டெம்ப்ளேட் இருக்காது. பாத் சரியாகவே இருக்கிறது, ஃபைல்தான் வரவில்லை. லாக்கில் இரண்டும் ஒரே எர்ரராகத் தெரிவதால் பாத்தைத் திருத்தித் திருத்தி நேரம் போகும்.

என் வழக்கம் இது. அப்ளிகேஷனின் வேர், அதாவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஃபோல்டர், எங்கே என்பதை ஒரே ஒரு ஃபைல் மட்டும் சொல்லட்டும். பைத்தானில் தன் ஃபைலின் இடத்தை எடுத்து, ரிசால்வ் செய்து, மேலே இரண்டு படி ஏறினால் வேர் கிடைக்கும், ஜாங்கோ 3.1 முதல் புது புராஜெக்டின் செட்டிங்ஸில் பேஸ் டிர் என்று இப்படித்தான் தானாகவே எழுதித் தருகிறது. பிஹெச்பியில் 5.3 பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு கான்ஸ்டன்ட் இருக்கிறது. லாராவெல்லில் பேஸ் பாத், ஸ்டோரேஜ் பாத், பப்ளிக் பாத் என்று பெயர் சொல்லிக் கேட்டாலே போதும். நிரலோடு சேர்ந்து வரும் ஃபைல்களுக்கு, அதாவது டெம்ப்ளேட், ஃபான்ட் மாதிரியானவற்றுக்கு, இந்த வேர் போதுமானது. ஆனால் அப்லோட், லாக், கேஷ் போன்ற, ஓடும்போது உருவாகும் ஃபைல்களுக்கு இந்த வேரைப் பயன்படுத்தவே கூடாது. அவற்றின் இடம் என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து (நிரலுக்கு வெளியே, அந்தந்த மெஷினில் வைக்கும் மதிப்பு) வர வேண்டும், வேரியபிள் இல்லையென்றால் அப்ளிகேஷன் தொடங்கவே மறுக்க வேண்டும். சிலர் ‘வேரியபிள் இல்லாவிட்டால் இந்த ஃபோல்டரை எடுத்துக்கொள்’ என்று டிஃபால்ட் வைப்பார்கள். லோக்கலில் வசதிதான். லைவில் வேரியபிள் பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் அப்ளிகேஷன் சத்தமில்லாமல் வேறு ஃபோல்டரில் எழுதிக்கொண்டே போகும், வாடிக்கையாளரின் ஃபைல்கள் இரண்டு இடத்தில் சிதறிக் கிடக்கும். தொடக்கத்திலேயே நின்றுவிட்டால் அப்போதே சரிசெய்துவிடலாம்.

ஸ்லாஷ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. விண்டோஸின் சாய்வு மாறியதற்குக் காரணம் 1983இல் வந்த எம்எஸ்டாஸ் 2.0, அதில்தான் ஃபோல்டர்கள் அறிமுகமாயின, அதற்குள் முன்சாய்ந்த ஸ்லாஷ் கட்டளைகளின் ஸ்விட்சுகளுக்குப் போய்விட்டிருந்தது, அதனால் பின்சாய்ந்ததை எடுத்தார்கள். இன்றைக்கு விண்டோஸ் அநேகமாக எல்லா இடத்திலும் முன்சாய்ந்த ஸ்லாஷை ஏற்றுக்கொள்கிறது. லினக்ஸ் பதிலுக்கு அந்த மரியாதையைச் செய்யாது. அங்கே பின்சாய்ந்த ஸ்லாஷ் ஃபைல் பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்து. அப்லோட்ஸ், பின்சாய்ந்த ஸ்லாஷ், போட்டோ என்று ஒட்டி எழுதினால் அது அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் போகாது. அந்த முழு நீளத்தையும் தன் பெயராகக் கொண்ட ஒரே ஃபைல் வெளியே உட்கார்ந்திருக்கும். எர்ரரும் வராது. ஸ்ட்ரிங்கை ஒட்டாதீர்கள், பாத்தின் துண்டுகளைச் சேர்க்கும் ஜாயின் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள், அவ்வளவுதான்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயம் இதைவிடக் கொஞ்சம் ஆழமானது. லினக்ஸில் பெரிய எல் போட்ட லோகோவும் சின்ன எல் போட்ட லோகோவும் இரண்டு ஃபைல்கள். விண்டோஸிலும், சாதாரணமாக ஃபார்மேட் செய்த மேக்கிலும் இரண்டும் ஒன்றே. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் நடுவில் புகுந்து செய்யும் வேலை பலருக்குத் தெரியாது. விண்டோஸிலோ மேக்கிலோ குளோன் செய்தால் அந்த டிஸ்க் எழுத்து வித்தியாசம் பார்க்காது என்று கிட் கண்டுபிடித்துத் தன் செட்டிங்கில் குறித்துக்கொள்கிறது. அதன்பிறகு நாம் எக்ஸ்புளோரரில் ஃபைல் பெயரைப் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துக்கு மாற்றினால், கிட் அதை மாற்றமாகவே எண்ணாது. நிரலில் பெயரைத் திருத்தியது கமிட் ஆகும், ஃபைலின் பெயர் மாற்றம் கமிட் ஆகாது. லோக்கலில் எல்லாம் சரி, சர்வரில் பழைய பெயரிலேயே ஃபைல் இறங்கியிருக்கும். பெயரை கிட் எம்வி கட்டளையால் மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. டீம் பெரிதாக இருந்தால் சிஐயை (ஒவ்வொரு கமிட்டையும் தானாகச் சோதிக்கும் அமைப்பை) லினக்ஸில் ஓட்டுவதே ஒரே வழி. பெயர் பொருந்தாவிட்டால் பில்ட் அங்கேயே உடைந்துவிடும்.

அடுத்து வருவதைத் தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது அபூர்வமாகத்தான் வரும். ஃபைலுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தால் என்ன ஆகும்? ‘கோவில்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி என்ற ஒரே குறியைப் போடுவது ஒரு விதம். ககரத்துக்குப் பின் இரட்டைக் கொம்பு, அதன் பின் கால் என்று இரண்டு குறிகளாகப் போடுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் இம்மியும் மாறாமல் ஒரே மாதிரி தெரியும். யுடிஎஃப் 8இல் தமிழ் எழுத்து, குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆகவே முதல் விதத்தில் ‘கோவில்’ 18 பைட், இரண்டாவது விதத்தில் 21 பைட். லினக்ஸுக்கு எழுத்தெல்லாம் தெரியாது, பைட்தான் தெரியும். அதற்கு இவை இரண்டு வெவ்வேறு ஃபைல்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லா உயிர்மெய்க்கும் இந்தக் கதை உண்டு. தனி எழுத்தான ஔவுக்கும் உண்டு.

இது எங்கே வந்து கடிக்கும் என்றால், மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்து, இரண்டு குறிகளாகத்தான் வைத்துக்கொள்ளும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைக்கிறது, ஆனால் பழைய டிஸ்கிலும் பழைய ஜிப்பிலும் கிடந்த ஃபைல்கள் பிரிந்த பெயரோடுதான் வெளியே வரும். ஒரு சிறு பதிப்பகத்தின் தளத்தில் இதை நேரில் பார்த்தேன். புத்தக அட்டைகள் மேக்கிலிருந்து ஜிப்பாக வந்தன, தலைப்புகளை ஒருவர் விண்டோஸில் உட்கார்ந்து டேட்டாபேஸில் தட்டியிருந்தார். ‘தேர்’, ‘நிலா’ என்ற பெயர்களெல்லாம் கிடைத்தன. ‘தோட்டம்’, ‘கொடி’ என்று வந்தவை மட்டும் 404, அதாவது ‘கிடைக்கவில்லை’. எந்த அட்டை வரும், எது வராது என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் ஒகர ஓகாரம் இருக்கும் பெயர்கள் மட்டுமே விழுந்திருப்பது தெரிந்தது. சர்வரில் ஃபைல் பட்டியலை எடுத்து ஹெக்ஸ் டம்ப் போட்டு பைட் பைட்டாகப் பார்த்தவுடன் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றன. இதற்கு மருந்து, பெயர் உள்ளே வரும் வாசலிலேயே பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு நார்மலைஸ் செய்வது. பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூல், பிஹெச்பியில் இன்டில் எக்ஸ்டென்ஷனின் நார்மலைசர், ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரிங்கிலேயே இருக்கும் நார்மலைஸ். ஏற்கெனவே டிஸ்கில் இருப்பவற்றையும் ஒருமுறை மாற்றி எழுத வேண்டும், இல்லையென்றால் பாதி இப்படி, பாதி அப்படி என்று கிடக்கும்.

நீளமும் ஒரு பிரச்சினை. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4இல் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறிகள், எழுத்தாக எண்ணினால் சுமார் 50. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் யுடிஎஃப் 16 அலகை எண்ணுவதால் அங்கே 255 குறிகள் வரைக்கும் போகலாம். ஆகவே அரசாணையின் முழுத் தலைப்பையும், கட்டுரையின் முழுத் தலைப்பையும் ஃபைல் பெயராக வைக்கும் பழக்கம் உள்ள அலுவலகங்களில் (நிறைய அலுவலகங்களில் அப்படித்தான்) விண்டோஸில் சுகமாக இருந்த பிடிஎஃப், லினக்ஸ் சர்வருக்குப் போகும்போது ‘பெயர் நீளம்’ என்று திரும்பி வரும். யுஆர்எல்லில் பார்த்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும், மூன்றெழுத்துக் ‘கோவில்’ அங்கே 54 எழுத்து.

அதற்காகத் தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பயனர் தன் மொழியில் பெயர் வைப்பது அவருடைய உரிமை, அதைத் தாங்குவது நம் வேலை. நான் செய்வது: அவர் கொடுத்த பெயரை நார்மலைஸ் செய்து டேட்டாபேஸில் ஒரு காலமில் அப்படியே வைத்துவிடுவேன், டிஸ்கில் ஃபைலுக்கு யுயுஐடி மாதிரி, வேறெதோடும் மோதாத ஒரு பெயரை நானே கொடுப்பேன். டவுன்லோட் செய்யும்போது ஹெடரில் அவருடைய தமிழ்ப் பெயரையே திருப்பிக் கொடுத்துவிடலாம். இதனால் விண்டோஸில் தடை செய்யப்பட்ட கோலன், கேள்விக்குறி போன்றவை, ஒரே பெயரில் இருவர் அப்லோட் செய்வது, நீளம், எல்லாம் சேர்ந்தே தீர்ந்துவிடுகிறது.

யுஆர்எல் பக்கம் வருவோம். முதலில் வரும் ஒற்றை ஸ்லாஷுக்கு ஹெச்டிஎம்எல்லில் ஒரு பொருள், சர்வர் நிரலில் வேறு பொருள். பக்கத்தில் /படங்கள் என்று எழுதினால் டொமைனின் வேர். பிஹெச்பியில் அதே /படங்கள் என்றால் டிஸ்கின் வேர். லோக்கல்ஹோஸ்டில் புராஜெக்ட் ஒரு சப்ஃபோல்டருக்குள் இருந்து லைவில் நேராக டொமைனில் இருந்தால் ஸ்லாஷ் போட்ட எல்லா லிங்கும் லோக்கலில் உடையும், அதனால் ஸ்லாஷை எடுத்துவிடுவார்கள், எடுத்தால் உள்பக்கங்களில் உடையும், உடனே ஒரு ஃபோல்டர் மேலே போகச் சொல்லும் இரண்டு புள்ளியைச் சேர்ப்பார்கள். இந்த ஓட்டத்தை நிறுத்த ஒரே வழி, லோக்கலிலும் வேரிலேயே ஓட்டுவது. வேறு போர்ட்டோ, ஒரு விர்ச்சுவல் ஹோஸ்டோ போட்டால் போதும். சிஎஸ்எஸ்ஸுக்குள் எழுதும் படத்தின் பாத் அந்த சிஎஸ்எஸ் ஃபைலிலிருந்து கணக்காகும், ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் திறந்திருக்கும் பக்கத்திலிருந்து கணக்காகும், இதையும் நினைவில் வையுங்கள். வீட் (Vite) என்ற பில்ட் கருவியால் கட்டிய ரியாக்ட் தளத்தை லைவில் சப்ஃபோல்டருக்குள் வைத்து வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், பேஸ் என்ற செட்டிங்கைப் பாருங்கள். வேறு எதையும் சொல்லாவிட்டால் வீட் அதை வெறும் ஸ்லாஷாகத்தான் வைத்திருக்கும்.

டேட்டாபேஸில் என்ன எழுதுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வேரும் வேண்டாம், டொமைனும் வேண்டாம், அப்லோட் ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் பகுதி மட்டும் போதும். வேர்ட்பிரஸில் இதன் இரண்டு பக்கமும் பார்க்கக் கிடைக்கிறது. மீடியா லைப்ரரியில் ஏற்றிய ஃபைலின் இடத்தை அது வருடம், மாதம், பெயர் என்று மட்டும் எழுதி வைக்கிறது. எந்த சர்வருக்குக் கொண்டுபோனாலும் அது செல்லும். ஆனால் அதே படத்தைப் பதிவுக்குள் நுழைத்தால் டொமைனோடு சேர்த்து முழு யுஆர்எல்லும் பதிவின் உடலில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் லோக்கலில் கட்டிய தளத்தை லைவுக்கு நகர்த்தும்போது டேட்டாபேஸ் முழுக்கத் தேடி மாற்ற வேண்டியிருக்கிறது. அதையும் எஸ்கியூஎல் டம்ப்பை எடிட்டரில் திறந்து மாற்றினால் இன்னொரு குழி. பல செட்டிங்குகள் பிஹெச்பியின் சீரியலைஸ் வடிவத்தில் இருக்கின்றன, அதில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக எழுதியிருக்கும். டொமைன் மாறி நீளம் மாறிய பிறகும் எண் பழையதாகவே இருந்தால் பிஹெச்பியால் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது, தீம் செட்டிங்கும் விட்ஜெட்டும் மொத்தமாகக் காணாமல் போகும். வேர்ட்பிரஸின் கமாண்ட் லைன் கருவியில் இருக்கும் சர்ச் ரீப்ளேஸ் அந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும், அதையே பயன்படுத்துங்கள்.

டிப்ளாய் முறையும் பாத்தை ஆட்டிவைக்கும். கேபிஸ்ட்ரானோ என்ற டிப்ளாய் கருவி பழக்கிவிட்ட முறையில் ஒவ்வொரு ரிலீஸும் தனி ஃபோல்டர், கரண்ட் என்ற சிம்லிங்க் (இன்னொரு ஃபோல்டரைக் காட்டும் குறுக்குவழி) புதியதைக் காட்டும். அப்லோட் ஃபோல்டர் ரிலீஸுக்குள் இருந்தால் அடுத்த டிப்ளாயில் பயனர்களின் படமெல்லாம் மறைந்துவிடும், ஆகவே அதை ஷேர்ட் ஃபோல்டரில் வைத்து லிங்க் செய்ய வேண்டும். பிஹெச்பி ஓடும் இடத்தில் சிம்லிங்கை மாற்றிய பிறகும் கொஞ்ச நேரம் பழைய நிரலே ஓடுவதைப் பார்க்கலாம், அது ரிசால்வ் செய்த பாத்தை 120 நொடி கேஷில் வைத்திருக்கும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் பிஹெச்பிக்கு அனுப்பும் பாத்தில் டாக்குமென்ட் ரூட்டுக்குப் பதில் ரியல்பாத் ரூட் கொடுத்தால் சரியாகும். லாராவெல்லின் ஸ்டோரேஜ் லிங்க் கட்டளை உருவாக்கும் லிங்க், ரிலேட்டிவ் என்று கேட்காவிட்டால், முழு பாத்தோடு இருக்கும்; அதை லோக்கலில் உருவாக்கி அப்படியே சர்வருக்கு ஏற்றினால் உங்கள் லேப்டாப்பின் ஃபோல்டரைத்தான் அது காட்டிக்கொண்டிருக்கும். லிங்க்கை சர்வரிலேயே உருவாக்குங்கள்.

கன்டெய்னர், அதாவது நிரலை அதற்குத் தேவையானவற்றோடு பொதிந்து ஓட்டும் முறை, வந்தபிறகு டிஸ்க் என்பதே நிரந்தரம் இல்லை. ஹெரோக்கு ஹோஸ்டிங்கில் டைனோ என்ற கன்டெய்னர் குறைந்தது நாளுக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும், அதற்குள் எழுதியதெல்லாம் போய்விடும். ஏடபிள்யூஎஸ் லாம்டாவின் சொந்த டிஸ்கில் டெம்ப் ஃபோல்டரைத் தவிர வேறெங்கும் எழுத முடியாது. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே நிலைக்கும் இடம்) போடவில்லை என்றால் கன்டெய்னரோடு ஃபைலும் போகும். வால்யூம் போட்டால் இன்னொன்று கவனிக்க வேண்டும். அப்லோட்டை முதலில் டெம்ப்பில் வாங்கி, சோதித்து, பிறகு ரீநேம் செய்து கடைசி இடத்துக்கு நகர்த்துவது நல்ல பழக்கம். லோக்கலில் டெம்ப்பும் அப்லோட் ஃபோல்டரும் ஒரே டிஸ்கில் இருந்தால் ரீநேம் கண்சிமிட்டும் நேரத்தில் முடியும். லைவில் அப்லோட் ஃபோல்டர் தனி வால்யூமாக இருந்தால் நோடிலும் பைத்தானிலும் ரீநேம் நேராகத் தோற்றுவிடும், ஒரு ஃபைல் சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ரீநேம் கிடையாது. காப்பி செய்து அழிக்கலாம், ஆனால் காப்பி பாதியில் நிற்கும்போது யாராவது ஃபைலைக் கேட்டால் பாதிப் படம் போகும். டெம்ப் ஃபோல்டரையே அப்லோட் வால்யூமுக்குள் ஒரு மூலையில் வைத்துக்கொள்வதுதான் சரி. இன்னொன்றும் உண்டு: உபுண்டுவில் அப்பாச்சி என்ற வெப் சர்வரின் சர்வீஸுக்கு சிஸ்டம்டி தனி டெம்ப் ஃபோல்டர் கொடுக்கிறது. நிரல் ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும், நாம் எஸ்எஸ்ஹெச்சில் போய் டெம்ப்பில் பார்த்தால் எதுவும் இருக்காது. சிஸ்டம்டி பிரைவேட் என்று தொடங்கும் நீளமான பெயருள்ள ஃபோல்டருக்குள் அது பத்திரமாக இருக்கும், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் போகும்.

இதுவரை சொன்னது உடைகிற பாத். திறக்கக் கூடாததைத் திறந்துவிடும் பாத் அதைவிட ஆபத்து. பைத்தானின் ஜாயினுக்கு இரண்டாவது துண்டு ஸ்லாஷில் தொடங்கினால், முதல் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதையே முழு பாத்தாக எடுத்துக்கொள்ளும். பயனர் அனுப்பிய பெயரை அப்படியே ஜாயின் செய்கிறவர் அப்லோட் ஃபோல்டருக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு டிஸ்க் முழுவதையும் திறந்துவைத்திருக்கிறார். ரிசால்வ் செய்த பிறகு அது அப்லோட் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பார்க்கும்போது ஸ்டார்ட்ஸ்வித் போடாதீர்கள்: /அப்லோட் என்று தொடங்குகிறதா என்று கேட்டால் /அப்லோட்பழசு என்ற ஃபோல்டரும் ஆம் என்று பாஸாகிவிடும். பைத்தான் 3.9 முதல் பாத்லிப்பில் இதற்கென்றே ஈஸ் ரிலேட்டிவ் டு இருக்கிறது. பெரிய கைகளுக்கும் இது கஷ்டமான வேலைதான். 2021 அக்டோபரில் அப்பாச்சி 2.4.49இல் இதே வகை ஓட்டை வெளியே வந்தது. பாத்தைச் சுத்தம் செய்யும் பகுதியை மாற்றி எழுதியதில், சதவீதக் குறியோடு எழுதிய புள்ளியை அது புள்ளியாக அடையாளம் காணவில்லை. 2.4.50இல் திருத்தினார்கள், இருமுறை என்கோட் செய்த புள்ளி அதையும் தாண்டியது, சில நாட்களிலேயே 2.4.51 விட வேண்டியதாயிற்று. என்ஜின்எக்ஸில் ஒரு யுஆர்எல்லை (லொகேஷன்) ஒரு ஃபோல்டரோடு (அலையஸ்) இணைத்து எழுதும்போது லொகேஷன் முடிவில் ஸ்லாஷ் விட்டுப்போய், அலையஸ் முடிவில் மட்டும் ஸ்லாஷ் இருந்தால் ஒரு படி மேலே ஏறிவிட முடியும். உங்கள் கான்ஃபிகை இன்றே திறந்து பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய புராஜெக்டில், டேட்டாபேஸ் முழுக்க சி டிரைவ் பாத்தோ, ஹோம் ஃபோல்டர் பாத்தோ நிறைந்திருந்தால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதலில் ஃபைலைத் திறக்கும் எல்லா இடத்தையும் ஒரே ஃபங்ஷன் வழியாக வரச் செய்யுங்கள், அந்த ஃபங்ஷன் பழைய முழு பாத் வந்தால் அதன் வேரை வெட்டி, பின்சாய்ந்த ஸ்லாஷை மாற்றி, என்விரான்மென்டிலிருந்து வரும் புது வேரோடு சேர்த்துக் கொடுக்கட்டும். அது லைவில் நிலைத்த பிறகு, புதிதாக எழுதுபவை எல்லாம் வேர் இல்லாத பெயராக மட்டும் போகட்டும். அப்புறம் பழைய வரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம், மாற்றும்போதே ஒவ்வொரு ஃபைலும் டிஸ்கில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவற்றைத் தனியே எழுதி வையுங்கள். பழைய தளம் எதுவானாலும் அந்தப் பட்டியல் காலியாக இருக்காது. பழைய பாத் வந்தால் லாக்கில் ஒரு வரி எழுதச் சொல்லி, அந்த வரி வருவது முழுதாக நின்ற பிறகு வெட்டும் பகுதியை ஃபங்ஷனிலிருந்து எடுத்துவிடலாம். மாதக் கடைசி ரிப்போர்ட், வருடக் கடைசிக் கணக்கு மாதிரி எப்போதாவது ஓடும் வேலைகள் ஒரு சுற்று முடியும்வரை அவசரப்பட வேண்டாம்.